செதில் ஒட்டிய இசைத்தட்டு

செய்யாத திருட்டை ஒருவர்மேல் சுமத்தினேன். அதனால் அவருக்கு ஏரியில் வலை கட்டும் முறை நின்றுபோனது. தெரியாமல் நேர்ந்த பிழை என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் அவர் திருடவில்லை என்று தெரிந்த பின்பும் சில வருடங்கள் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைப் பிழை என்று சொல்ல முடியாது. திருட்டுப்போனதாக நான் சொன்ன பொருள் ஒரு ஜாஸ் இசைத்தட்டு.

எழுபதுகளின் பின்பாதியில் எனக்குப் பழவேற்காட்டில் வேலை. ஏரித் தண்ணீரில் உப்பு எவ்வளவு, இறால் குஞ்சு எவ்வளவு என்று அளந்து மேலிடத்துக்கு எழுதி அனுப்பும் சிறிய அரசு அலுவலகம் அது. சென்னையில் படித்த காலத்தில், விடுதியில் என்னோடு இருந்த நண்பன் ஒருவன் சிற்றலை வானொலியில் ஜாஸ் கேட்பான். முதலில் எரிச்சலாக இருந்தது. எங்கே தொடங்குகிறார்கள், எங்கே முடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. பிறகு ஒரு நாள், அடித்தளத்தில் நடந்துகொண்டே இருக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போனேன். மற்றவை எல்லாம் தானாக இடத்தில் வந்து உட்கார்ந்தன. அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தது. நண்பனும் நானும் போட்டி போட்டுக்கொண்டு தட்டுகள் சேர்த்தோம். மூர் மார்க்கெட்டின் பழைய கடைகளில் தேடினோம். வெளிநாட்டுக்குக் குடிபோகும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கே போய் நின்றோம்.

பழவேற்காட்டில் தட்டு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கே வலை நூலும் கயிறும் மண்ணெண்ணெயும் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்கார பாய்க்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். அவருடைய மச்சான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். நான் ஜாஸ் கேட்பவன் என்று தெரிந்ததும், மச்சான் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் துணிக்கு அடியில் இரண்டு மூன்று தட்டுகள் வரத் தொடங்கின. பாய் அவற்றைக் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் வைத்திருப்பார். வேறு ஆள் கடையில் நின்றால், "சார், நீங்க கேட்ட நூலு வரல" என்று சொல்லி அனுப்பிவிடுவார். நான் நூலே கேட்டதில்லை.

அந்தக் காலத்துக் கரையை நினைத்துக்கொண்டால்தான் இது புரியும். கடத்தல் சரக்கு இறங்குகிறது என்று கரை முழுக்கக் கண்காணிப்பு. பொன்னேரியில் பேருந்தை நிறுத்திப் பைகளைக் கவிழ்ப்பார்கள். படகுத்துறையில் பேன்ட் போட்ட ஆள் யார் நின்றாலும் சி.ஐ.டி. என்று பேச்சு கிளம்பும். நானும் பேன்ட் போட்டவன். பாட்டிலில் ஏரித் தண்ணீரை மொண்டு, மூடி, மேலே ஏதோ எழுதுகிறவன். என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் சளைத்தவன் இல்லை. அலுவலகத்துக்குள் யார் எட்டிப் பார்த்தாலும் எதற்குப் பார்க்கிறான் என்று யோசிப்பேன். பாய் மூட்டை கட்டினால் அதில் என்ன இருக்கும் என்று யோசிப்பேன். அந்தக் கரையில் இரண்டு வருடம் இருந்தவன் யாரையும் நேராகப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுவான்.

ஏரிக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் எதிரே இருந்த ஒரு குப்பத்தைச் சேர்ந்த மீனவர். குப்பத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவர் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அவருக்கும் என் வயதுதான். நான் அவரை "நீ" என்பேன், அவர் என்னை "சார்" என்பார். அவர்கள் ஊரில் யாரும் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் இறால் வலை கட்டிவிட முடியாது. எந்த வீட்டுக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டு, முறை சுற்றி வரும்படி வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்கு அருகே இருக்கும் நல்ல இடம் ஒருநாள் இவருக்கு வந்தால், அடுத்த நாள் வேறொருவருக்குப் போகும். வலுத்தவன் இளைத்தவன் என்றில்லை. பாடு முறையில் பெயர் இருந்தால்தான் அந்த ஊரில் ஒரு வீடு வீடாகக் கணக்கு. தன் முறை இல்லாத நாட்களில் அவர் எனக்குப் படகு ஓட்ட வருவார்.

என்னிடம் பெட்டி போல மூடித் தூக்கிப் போகக்கூடிய, பேட்டரியில் ஓடும் ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருந்தது. ஒருமுறை அதையும் படகில் எடுத்துப் போனேன். அலையில்லாத ஒரு மதியம், துடுப்பை உள்ளே இழுத்துவிட்டு இருவரும் கேட்டோம். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. சாக்ஸபோன் இழுத்து இழுத்து, சுருதி இறங்கி, முனகலாகிவிட்டது.

"சார், ஊதறவருக்குத் தூக்கம் வந்திடிச்சி" என்றார். "பாவம், வுட்ருங்க. காலைலேர்ந்து ஊதறாரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு பாயும் சேர்ந்துகொண்டார். பாய்க்கு டிரம்பெட் பிடிக்கும். பியானோ தனியாக வந்தால் கொட்டாவி விடுவார். மீனவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் சிரிப்பார். உறைகளில் இருக்கும் படங்களைத்தான் அதிகம் பார்ப்பார். ஒரு தட்டில் மட்டும், முரசின் மேல் கம்பித் தூரிகையால் தேய்க்கும் சத்தம் மெதுவாக வந்துகொண்டே இருக்கும். அது வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். வலையைத் தண்ணீரில் அலசுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். நீல நிற உறை போட்ட, வெளிநாட்டில் அச்சான தட்டு அது. என்னிடம் இருந்ததிலேயே மேலானது.

பெட்டி யார் வீட்டில் இருப்பது என்று கேள்வி வந்தபோது, "பாடு வெச்சிக்கலாம்" என்றார் அவர். விளையாட்டாகச் சொன்னதை நாங்கள் உண்மையாகவே செய்தோம். மூன்று துண்டுக் காகிதத்தில் சீட்டுப் போட்டு முறை எடுத்தோம். ஒருவர் முறை முடியும்வரை தட்டுப்பெட்டியும் பிளேயரும் அவர் வீட்டில் இருக்கும். அங்கே போய்த்தான் மற்றவர்கள் கேட்க வேண்டும். குப்பத்துக்குப் பெட்டி போகும்போது ரப்பர் துணியால் சுற்றி, மேலே கோணி போட்டு, படகின் நடுவில் வைத்துக் கொண்டுபோவார். அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஊளைப் பொட்டி என்று பெயர் வைத்திருந்தார். அதற்குள் வேறு ஏதோ வருகிறது, ஒருநாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தார். அவருக்காக நான் ஒருமுறை எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்துக் காலிப் பெட்டியைத் தட்டிக் காட்டினேன். நம்பினாரா என்று தெரியாது.

அப்படி ஒரு முறையின்போது நீல உறைத் தட்டின் லேபிளில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு வந்தது. மடவை மீனின் செதில், விரல் நக அளவு. வலையை உதறிவிட்டு வந்த கையோடு எடுத்திருப்பார். நகத்தால் சுரண்டினேன். பாதி வந்தது, பாதி காகிதத்தோடு பிடித்துக்கொண்டது. வெளிச்சத்தில் சாய்த்தால் வட்டமாக மினுங்கும். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் எவ்வளவு என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை பெட்டியைக் கொடுக்கும்போது, தட்டின் ஓரத்தையும் நடுவையும் மட்டும் தொட வேண்டும் என்று, ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த சுற்றில்தான் அது நடந்தது. அவர் முறை முடிந்து பெட்டி என்னிடம் வந்தது. நீல உறையைத் திறந்து தட்டை வெளியே எடுத்தேன். கைக்கு மெலிசாகத் தெரிந்தது. லேபிளைச் சாய்த்துப் பார்த்தேன். செதில் தடம் இல்லை. கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் உள்நாட்டில் அச்சானது என்று இருந்தது. அதே பாட்டுகள், அதே நிறம், அதே எழுத்து. ஆனால் என் தட்டு இல்லை.

யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதில்தான் யோசனை. முதலில் பாயை நினைத்தேன். கொண்டுவந்து கொடுத்தவருக்கே அதன் மதிப்பு தெரியும். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சில வாரம் முன்பு, இதை வெளியே கொடுத்தால் என்ன விலை போகும் என்று மீனவர் கேட்டிருந்தார். பெட்டி அவரிடம் இருந்தபோதுதான் நூல் வாங்கச் சென்னைக்குப் போய்வந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வாசலில் புது வலை காய்ந்துகொண்டிருந்தது. தனித்தனியாக ஒன்றுமில்லாத விஷயங்கள். நான் அவற்றைக் கோத்து வைத்தேன். அளந்து எழுதுகிற வேலை பார்த்தவன் என்பதால், கோத்து வைத்தது எனக்கு ஆதாரம்போலவே தெரிந்தது.

காவல்துறைக்குப் போகிறேன் என்று பாயிடம் சொன்னேன். அவர் கடைப் பலகையில் பாதியைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், அங்க போனா மொதக் கேள்வி, தட்டு எங்கேர்ந்து வந்திச்சினுதான். என் மச்சான் கப்பல்ல கீறாரு. எனக்குப் பொண்ணுங்க கீது. எதுனாலும் அவங்க ஊருலயே பேசி முடிச்சிக்கோங்க."

அவர் அப்படிப் பயந்ததையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். இருந்தாலும் ஊரில் பேசுவது எளிது என்று பட்டது. குப்பத்துக்குப் போய்ப் பெரியவர்களிடம் சொன்னேன்.

எனக்குத் தெரியாத ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. முந்தைய பருவத்தில் அந்தக் கரையில் ஒரு படகைச் சரக்கோடு பிடித்திருந்தார்கள். தகவல் கொடுத்தது யார் என்று ஊர் தேடிக்கொண்டிருந்தது. அரசு ஆளோடு படகில் சுற்றுகிறவர், பாய் கடையில் உட்காருகிறவர், பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறவர் யார்? நேராகக் கேட்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோயிலுக்கு முன்னால், வலை காயப்போடும் இடத்தில் மதியத்தில் கூட்டம். நான் தட்டைக் காட்டி, எடையையும் செதிலையும் விளக்கினேன்.

"எங்க ஊர்ல வெச்சிருந்த பொருளு செதிலு இல்லாம வந்திச்சின்றதுதான் சாரோட கொறை" என்று பின்னால் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மீனவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது.

அவர் மனைவி ஓரமாக நின்றிருந்தார். "ஏன் சார், திருடறவன் போயும் போயும் அந்த ஊளைப் பொட்டிலேர்ந்தா திருடுவான்?" என்றார். பெரியவர் ஒருவர் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அவர்கள் ஊரில் இப்படிப்பட்ட வழக்கைச் சத்தியத்தில் முடிப்பார்கள். சாமிக்கு முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, செய்யவில்லை என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு யாரும் பேசக்கூடாது. பெரியவர் அவரைக் கற்பூரம் அணைக்கச் சொன்னார்.

அவர் எழுந்து நின்றார். "அணைக்கிறேன். நான் எடுக்கல, மாத்தல. ஆனா சாரும் அணைக்கணும். என் வூட்லதான் மாறிச்சினு அவருக்கு நெஜமாத் தெரியும்னு சொல்லி அணைக்கட்டும். அப்றம் நான் அணைக்கிறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, நான் படித்தவன் என்றேன். பொய். நம்பிக்கை இல்லாதவனுக்குக் கற்பூரம் அணைப்பதில் என்ன தடை? பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டியிருந்ததுதான் தடை. அதைச் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

"சாரு பண்ணலன்னா நானும் பண்ணல" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

அரசு ஆளை அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. தங்கள் ஆளைக் கட்டாயப்படுத்த முடியும். கற்பூரம் அணைக்கும்வரை அவர் வீட்டுக்குப் பாடு இல்லை என்று சொன்னார்கள். இறால் பருவம் தொடங்கும் நேரம். இரண்டு நாளில் வழிக்கு வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவர் வரவில்லை. அந்தப் பருவம் முழுக்க வலை வாசலிலேயே கிடந்தது. மனைவி தலையில் கூடை வைத்துக் கருவாடு விற்கப் போனார். அவர் யார் படகிலாவது கூலிக்குப் போய்ப் பார்த்தார். யாரும் பேச்சுக் கொடுக்காத படகில் அவரால் இருக்க முடியவில்லை. காசிமேட்டில் விசைப்படகுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்விட்டார். எனக்கு வேறு படகுக்காரர் கிடைத்தார். பாய் எனக்குத் தட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார். மச்சான் கொண்டுவருவதில்லை என்று சொன்னார். அதையும் நான் நம்பவில்லை.

நண்பனைச் சொன்னேன் அல்லவா? அவன் வேலையாக வடக்கே போயிருந்தான். ஒன்றரை வருடம் கழித்துச் சென்னைக்குத் திரும்பினான். ஒரு ஞாயிறு காலை அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன் காபி போட உள்ளே போனான். நான் அவன் அலமாரியில் விரலை ஓட்டிக்கொண்டே போய் நீல உறையை உருவினேன். அவனிடமும் அந்தத் தட்டு இருந்தது, உள்நாட்டில் அச்சானது. உருவியதுமே கனம் தெரிந்தது. லேபிளை ஜன்னல் பக்கம் சாய்த்தேன். வட்டமாக மினுங்கியது.

உடனே எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தக் கடைசிச் சுற்றுக்குச் சில நாட்கள் முன்பு, என் தட்டை இவன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். வெளிநாட்டு அச்சும் உள்நாட்டு அச்சும் காதுக்கு எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கத்தான். ஒரே பாட்டை அதில் பாதி, இதில் பாதி என்று மாற்றி மாற்றிப் போட்டோம். அவன் வீட்டு பிளேயர் மின்சாரத்தில் ஓடுவது, சுருதி இறங்காது. அந்த வித்தியாசத்தை ரசித்துக்கொண்டே, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று தட்டுகளை உறைக்குள் போட்டேன். நான்தான் போட்டேன். ஊருக்குப் போனதும் திறந்து பார்க்காமல் பெட்டியில் வைத்து, முறை வந்ததென்று மீனவரிடம் கொடுத்துவிட்டேன்.

நண்பன் காபியோடு வந்தான். தட்டு மாறிவிட்டது, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் மாறியதையே கவனித்திருக்கவில்லை. சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் என்று நினைத்தேன். பிறகு வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினேன். தட்டை எடுக்கவில்லை சரி. விலை ஏன் கேட்டார்? கற்பூரம் ஏன் அணைக்கவில்லை? ஊர் அவர்மேல் சந்தேகப்பட்டதற்கு என் தட்டு மட்டுமா காரணம்? இப்படி, குற்றமில்லாதவர் என்று தெரிந்த பின்பும் அவர்மேல் வழக்கை ஜோடித்துக்கொண்டே இருந்தேன். அது நின்றால் என்மேல் அல்லவா திரும்பும்! தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. மகிழ்ச்சியோடு போனேன். நீல உறைத் தட்டை அங்கே ஒரே ஒருமுறை போட்டேன். அந்தத் தூரிகைச் சத்தம் வந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் வேலையாகக் காசிமேட்டுக்குப் போனேன். விசைப்படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையில் இருந்த கூடையை இறக்கினார். இளைத்திருந்தார். முன்பல் ஒன்று இல்லை. நான் தெரியாதவன்போல் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார்.

"இன்னா சார், சௌக்கியமா? தட்டு கெடைச்சிச்சா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார்.

"இல்லப்பா" என்றேன்.

"கெடைக்கும் சார். அது எங்க போவப்போவுது" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பொய்க்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. அடுத்த இறால் பருவம் தொடங்குவதற்கு முன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு பழவேற்காடு போனேன். முதலில் பாயிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்னையும் சந்தேகப்பட்டீங்கதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர்தான் காசிமேட்டுக்கு ஆள் அனுப்பி மீனவரை வரவழைத்தார். ஊர்ப் பெரியவர்களிடம் கூட்டம் கேட்டார்.

அதே இடத்தில் கூட்டம் கூடியது. தட்டைக் காட்டினேன். செதிலைக் காட்டினேன். என் கையால் மாறியது, எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும் என்றேன். நான் எதிர்பார்த்தது கோபத்தை. வந்தது வேறு.

"எவ்ளோ குடுத்தான் சார்?" என்று ஒருவர் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"பாடு சீட்டுல திரும்பப் பேரு வரணும்னு அவன்தானே கூட்டியாந்தான்? செதிலு இன்னா பெரிய செதிலு. இங்க வந்து ஒட்டினா ஒட்டிக்கும்."

பலர் தலையை ஆட்டினார்கள். எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்த ஊரில், நான் சொன்ன உண்மைக்கும் அதே வரவேற்புதான். மீனவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததால் அவர் நிலை இன்னும் கெட்டுப்போயிருந்தது. திருடன் என்றவர்கள் இப்போது காசு கொடுத்து ஆள் பிடித்தவன் என்றார்கள்.

கற்பூரம் கொண்டுவரச் சொன்னேன்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசு வேலைக்காரர் அப்படிச் செய்வது வழக்கமில்லை என்றார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். இவர் எடுக்கவில்லை, நான் மாற்றினேன், தெரிந்தும் மறைத்தேன், இதைச் சொல்ல யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. நான்கையும் உரக்கச் சொல்லி, உள்ளங்கையை வைத்து அணைத்தேன். நன்றாகச் சுட்டது. அவ்வளவு சுடும் என்று நினைத்திருக்கவில்லை.

அதற்குமேல் யாரும் பேசவில்லை. பேசக்கூடாது என்பதுதான் முறை. மீனவர் எழுந்து வந்து, யாரும் சொல்லாமலே, இன்னொரு கட்டியை ஏற்றச் சொல்லித் தானும் அணைத்தார். அடுத்த சீட்டில் அவர் பெயர் சேரும் என்று முடிவாயிற்று. போன பருவங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். சுற்றிப் போன முறையைத் திருப்ப முடியாது என்றார் பெரியவர்.

படகுத்துறைக்கு என்கூட அவர் மட்டும் வந்தார். தண்ணீரில் கால் வைக்கும் இடத்தில், "காசிமேட்டுல கேட்டேனே சார், அப்போ உங்க கைலதானே இருந்திச்சி?" என்றார். ஆமாம் என்றேன். "அப்டியா" என்றார். விலை ஏன் கேட்டாய் என்று அப்போதுதான் அவரிடம் கேட்டேன். ஓட்டை வீட்டில் வைத்திருக்கிறோமே, நனைந்துபோனால் என்ன பதில் சொல்வது என்று பயந்து கேட்டதாகச் சொன்னார்.

என் தட்டுப்பெட்டி முழுவதையும் பிளேயரோடு அவருக்கே கொடுத்துவிடும்படி பாய் கடையில் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். நீல உறையும் அதில் இருந்தது. அவர் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று யோசித்தேன். திருப்பி வரவில்லை. மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பருவம் முடிந்ததும் வரச்சொல்லிப் பாயிடமிருந்து செய்தி வந்தது. போனேன். பெட்டியும் பிளேயரும் கடையில், ரப்பர் துணி சுற்றி, கோணி போட்டு, பழைய மாதிரியே கட்டி இருந்தன. தன் முறை முடிந்துவிட்டது, அடுத்தது சார் முறை என்று சொல்லி மீனவர் கொண்டுவந்து வைத்ததாகப் பாய் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. பாய்க்கு முன்னால் ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் என்னுடையதுதான் என்று நான் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டியைத் தரக்கூடாது.

வேண்டாம், நம்பிக்கை இருக்கிறது என்றேன்.

"அதத்தான் சார், அவரு வேணாம்னாரு" என்றார் பாய். "நம்பிக்கைனு சொல்லுவாரு, அதக் கேக்காதீங்க, பாக்கச் சொல்லுங்கனாரு."

கடையில் நூல் வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதல் தட்டை எடுத்தேன். லேபிளின் ஓரத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அடுத்ததிலும் இருந்தது. எல்லாத் தட்டிலும், இரண்டு பக்கமும், அதே இடத்தில் ஒரு மடவைச் செதிலைப் பசை வைத்து ஒட்டியிருந்தார். நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பாயும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து, சாய்த்துப் பார்த்து, "என்னுதுதான்" என்று சொல்லிச் சொல்லி உறைக்குள் போட்டேன். நீல உறைத் தட்டில் பழைய பாதிச் செதிலை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் முழுசாக ஒன்று ஒட்டியிருந்தார்.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டேன். செதில்கள் எல்லாம் லேபிளுக்குள்ளேயே இருந்தன. பாட்டு முடிந்து ஊசி நடுவுக்குப் போகும் கடைசிச் சுற்றில்கூட அவற்றைத் தொடவில்லை.